இலையின் முகமும் மனிதரின் பேரும்

சொற்களின் பொருள் காலத்துக்குக் காலம் மாறுகின்றது என்பதை நம் மாணவர் யாவரும் அறிவர். நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' இன்று துர்நாற்றத்தைக் குறிப்பதாயிற்று என்ற எடுத்துக்காட்டு இலக்கண வகுப்புகளில் தவறாது சொல்லப்படுவது. உயர்பொருட்பேறு, இழிபொருட்பேறு என்று இம்மாற்றங்களை வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு உதாரணங்களை எழுதிவிட்டால் பரீட்சைக்குரிய கடமை முடிந்துவிடுகின்றது. ஆனால் ஒரு சொல் ஏன் ஏறியது, ஏன் இறங்கியது, அதை ஏற்றியவர் யார், இறங்கியபோது நசுங்கியவர் யார் என்னும் கேள்விகள் வகுப்பறைக்கு வெளியிலேயே நின்றுவிடுகின்றன. மொழி மக்களுடைய உழைப்பின் கருவி என்று நம்புகிறவர்கள் இக்கேள்விகளைத் தட்டிக்கழித்தல் இயலாது.

இக்கட்டுரை ஆங்கில மொழியில் முகத்தையும் மேற்பரப்பையும் குறிக்கும் சில சொற்களை எடுத்துக்கொள்கின்றது. அச்சொற்களின் வரலாற்றை இங்கிலாந்தோடு நிறுத்தாமல், அவை கப்பலேறி வந்து பதுளையிலும் ஊவா மலைச்சரிவுகளிலும் எத்தகைய வாழ்வு பெற்றன என்பதையும் நோக்குதல் நம் நோக்கம். ஆங்கிலத்தைத் துரைமாரின் வாயிலாகவே முதன்முதலில் கேட்ட ஒரு மக்கட் கூட்டத்துக்கு இவ்வாராய்ச்சி வெறும் சொல்லாராய்ச்சியாக இராது.

*

முதலில் இங்கிலாந்தில் நிகழ்ந்ததைச் சுருக்கமாகக் காண்போம். 'கம்ப்ளெக்ஷன்' என்ற சொல் இன்று முகத்தின் நிறத்தைக் குறிக்கின்றது. 14ஆம் நூற்றாண்டில் அதற்கு அப்பொருள் இல்லை. பல கூறுகளின் சேர்க்கை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்த அது, உடலினுள் ஓடும் குருதி, சளி, பித்தம், கரும்பித்தம் ஆகிய நான்கு நீர்களின் கலப்பையும், அக்கலப்பால் உண்டாகும் இயல்பையும் குறித்தது. நம் வைத்தியர் வாதம், பித்தம், கபம் என்று கூறுவதை ஒத்த கருத்து இது. உள்ளே இருக்கும் கலப்பு முகத்தின் சாயலில் வெளிப்படும் என்று நம்பினர். 16ஆம் நூற்றாண்டளவில் உள்ளிருந்த பொருள் தேய்ந்து தோலின் மீது வந்து நின்றது. ஒரு மனிதனின் இயல்பைக் குறித்த சொல் அவனுடைய தோலைக் குறிப்பதாயிற்று.

'ஃபேர்' என்ற சொல் முதலில் அழகியது, இனியது என்ற பொருளைத் தந்தது. நிறத்தோடு அதற்குக் கட்டாய உறவு இருக்கவில்லை. பின்னர் வெண்ணிறமான தோலும் பொன்னிறக் கூந்தலும் அப்பொருளுக்குள் புகுந்து நிலைபெற்றன. 1609இல் அச்சேறிய ஷேக்ஸ்பியரின் சிறுபாக்களில் அழகு என்ற பொருளும் வெண்மை என்ற பொருளும் ஒன்றோடொன்று மோதி விளையாடுவதைக் கற்றோர் அறிவர். அதே சொல்லுக்கு நீதியானது என்ற பொருளும் உண்டு. அழகும், வெண்மையும், நீதியும் ஒரே சொல்லில் குடிபுகுந்தன.

சமதளத்தைக் குறிக்கும் 'பிளெய்ன்' என்ற சொல் தெளிவானது, எளிமையானது என்று வளர்ந்து, 18ஆம் நூற்றாண்டில் அழகற்ற முகத்துக்கு அடையாயிற்று. இன்று மகிழ்ச்சியையும் ஆரவாரத்தையும் குறிக்கும் 'சியர்' ஒருகாலத்தில் முகம் என்றே பொருள்பட்டது. முன்புறத்தைக் குறிக்கும் 'ஃப்ரண்ட்' முதலில் நெற்றியைக் குறித்தது. நம் மொழியிலும் முகத்திலிருந்தே முகப்பு பிறந்தது. மேற்பரப்பைச் சுட்டும் 'சர்ஃபேஸ்' என்ற சொல்லுக்குள்ளும் முகம் ஒளிந்திருக்கின்றது. பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த அச்சொல்லின் பிற்பாதி முகமே.

எல்லாவற்றிலும் வியப்புக்குரியது 'வான்' என்ற சொல். இன்று அது நோயால் வெளிறிய முகத்துக்கு அடை. பழைய ஆங்கிலத்திலோ அதன் பொருள் இருண்டது, கறுத்தது என்பதாகும். காகத்துக்கும், இரவுக்கும், புயற்கடலுக்கும் அடையாக நின்ற சொல் மெல்ல ஒளியற்றது என்றாகி, பின் வெளிறியது என்றாயிற்று. கறுப்பைக் குறிக்கும் 'பிளாக்' என்ற சொல்லும் வெளுக்கச் செய்வதைக் குறிக்கும் 'ப்ளீச்' என்ற சொல்லும், எரிதல் அல்லது ஒளிர்தல் என்னும் பொருளுடைய ஒரே தொன்மையான வேரின் கிளைகள் என்பர் மொழியறிஞர். எரியும் தீ வெள்ளொளி தருகின்றது. எரிந்து முடிந்தது கரியாகின்றது. கறுப்பும் வெளுப்பும் இயற்கையாகவே ஒன்றையொன்று வெறுக்கும் பகைகள் என்று போதிப்போருக்கு அவர்களுடைய மொழியின் வேரே மறுமொழி கூறுகின்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மேற்கூறிய மாற்றங்களுக்கெல்லாம் ஏகாதிபத்தியமே காரணம் என்று கூறிவிட்டால் வேலை எளிதாக முடியும். அது உண்மையன்று. இவற்றுட் பெரும்பாலானவை, இலங்கை மலைகளில் ஒரு தேயிலைக் கன்று நடப்படுவதற்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே நிகழ்ந்துவிட்டன. ஒவ்வொரு சொல்லின் பின்னாலும் ஒரு துரையை நிறுத்திவைப்பது ஆராய்ச்சி ஆகாது. நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இம்மலைகளில் ஏறியபோது, மனித இயல்பைத் தோலிலே படிக்கவும், வெண்மையை அழகென்றும் நீதியென்றும் ஒரே மூச்சில் சொல்லவும் ஆயத்தமாயிருந்த ஒரு சொற்களஞ்சியம் அவர்கள் கையில் இருந்தது. அக்களஞ்சியத்தை அவர்கள் இங்கே எப்படிப் பங்கிட்டார்கள்? எச்சொற்கள் எவருக்குப் போயின? கேள்வி இதுவே.

*

ஊவாவில் தேயிலைக்கு முன் கோப்பி இருந்தது. 1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பிச் செடியின் இலைகளில் மஞ்சளும் செம்மையும் கலந்த துருப்போன்ற புள்ளிகள் காணப்பட்டன. இலையின் மேற்புறத்தைப் பார்ப்பவனுக்கு அந்நோய் உடனே புலப்படாது. இலையைத் திருப்பினால் அடிப்புறத்திலே துரு அப்பிக்கிடக்கும். அப்பூஞ்சணத்துக்கு ஆங்கில அறிஞர் பெர்க்லி சூட்டிய பெயர் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ். முதற்சொல்லுக்குப் பாதி வழவழப்பானது என்று பொருள். அதன் வித்து ஒருபுறம் வழவழப்பாகவும் மறுபுறம் சொரசொரப்பாகவும் இருந்தமையால் அப்பெயர். பின்சொல்லுக்கு நாசகாரி என்று பொருள். மேற்பரப்பைக் குறிக்கும் ஒரு சொல் ஒரு பொருளாதாரத்தின் சாவோலையாயிற்று. அடுத்த இருபதாண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பிப் பெருந்தோட்டங்கள் அழிந்தன.

அழிவின் நடுவிலும் துரைமாருக்கு நகைச்சுவை குன்றவில்லை. ஹெமிலியா என்ற பெயரைத் திரித்து, 'நாசகார எமிலி' என்று அந்நோய்க்கு ஒரு பெண்ணின் பெயரை வழங்கினர். இதனைச் சிறு வேடிக்கை என்று விட்டுவிடலாம். ஆயினும் ஒரு பூஞ்சணத்துக்குக்கூடச் சொந்தப் பெயர் கிடைத்த அதே மலையில், கொழுந்து பறித்த பெண்ணின் பெயர் என்னவாயிற்று என்பதைப் பின்னர் காணும்போது இவ்வேடிக்கையின் கசப்பு விளங்கும்.

கோப்பி போய்த் தேயிலை வந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தம்பத்தனை முதலிய தோட்டங்களை வாங்கினார். 1924இல் புகைவண்டி பதுளையை எட்டியது. ஆண்டுதோறும் ஆடி, ஆவணி மாதங்களை ஒட்டி வறண்ட கச்சான் காற்று மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் வீசும்போது, கொழுந்தின் வளர்ச்சி தடைப்பட்டு அதன் மணம் செறிகின்றது. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குள்ள தனிப்பெயருக்கு அதுவே காரணம். செடி வாடும் வேளையே வணிகன் வாழும் வேளை.

இத்தேயிலையைச் சுவைத்து விலைகுறிக்கும் நிபுணர் ஒரு தனிமொழி பேசுகின்றனர். அம்மொழியைச் சற்றே செவிமடுப்போம். காய்ந்த இலையின் மீது இயற்கையாக அமைந்த பளபளப்பை அவர்கள் 'ப்ளூம்' என்கின்றனர். பூவைக் குறித்த அச்சொல் 17ஆம் நூற்றாண்டில் கனியின் மேற்பூச்சையும், 18ஆம் நூற்றாண்டில் இளங்கன்னத்தின் பொலிவையும் குறித்தது. இப்போது இலைக்கு வந்துவிட்டது. அளவுக்கு மிஞ்சிச் சலித்தாலும் கையாண்டாலும் இலை அப்பொலிவை இழந்து சாம்பல் நிறமாகும். ஆகவே அதை மென்மையாகக் கையாளவேண்டும் என்பது தொழிற்சாலை விதி. சாயத்துக்குச் செறிவு இருந்தால் அதற்கு 'பாடி', அதாவது உடல், உண்டு என்பர். தனித்தன்மை இருந்தால் 'கேரக்டர்', அதாவது குணம், உண்டு என்பர். குற்றமில்லாவிட்டாலும் சிறப்பில்லாத தேநீர் 'பிளெய்ன்'. அழகற்ற பெண்ணுக்கு இங்கிலாந்தில் சூட்டிய அதே அடை.

'பீக்கோ' என்ற சொல்லின் கதையும் இத்தகையதே. இளந்தளிரின் மீது படர்ந்திருக்கும் வெண்ணிறப் பூமயிரைக் குறித்த சீனச்சொல் அது. தளிரைத் தொட்டுத் தடவி அறிந்த உழவனின் சொல். வணிகரிடம் வந்ததும் பூமயிர் உதிர்ந்துபோயிற்று; இன்று அது சல்லடையில் தங்கிய துணுக்கின் அளவைக் குறிக்கும் ரகப்பெயர். உயர்ந்த ரகங்கள் கொழும்பு ஏலத்துக்குப் போகின்றன. அதைப் பறித்தவரின் லயத்து அடுப்பில் கொதிப்பது பெரும்பாலும் தூள்.

*

இலைக்கு முகமும், பொலிவும், உடலும், குணமும் கிடைத்தன. மனிதருக்கு எச்சொற்கள் கிடைத்தன?

தொழிலாளர் ஆங்கிலக் கணக்கில் 'ஹேண்ட்ஸ்', அதாவது கைகள். அன்றேல் 'லேபர்'. அன்றேல் 'கூலி'. இக்கடைசிச் சொல்லின் பிறப்பைப்பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடுண்டு. குஜராத்துப் பகுதிக் குலப்பெயர் ஒன்றிலிருந்து வந்ததென்பர் சிலர்; உழைப்புக்குத் தரும் ஊதியத்தைக் குறிக்கும் நம் தமிழ்ச்சொல்லே மூலம் என்பர் வேறு சிலர். பிறப்பு எதுவாயினும், தமிழனுடைய செவியில் அது தன் மொழியின் சொல்லாகவே ஒலித்தது. தமிழில் கூலி என்பது மனிதன் பெறுவது. ஆங்கிலத்தில் அது மனிதனே ஆயிற்று. அவன் பெறவேண்டிய ஊதியத்தின் பெயரை அவனுக்கே சூட்டினர். ஊதியத்தையோ பெரும்பாலும் கடனாகவும் பற்றாகவும் பிடித்துக்கொண்டனர்.

துரைமார் தமிழ் கற்பதற்கென்று வெளிவந்த கைநூல்கள் இவ்வுறவின் இலக்கணத்தைக் காட்டுகின்றன. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் கொழும்பில் வெளிவந்த ஒரு நூலின் பெயர் 'இங்கே வா'. பின்னர் வெளிவந்த மற்றொன்றின் பெயர் 'கூலித் தமிழ்'. மு. நித்தியானந்தன் 2014இல் வெளியிட்ட தம் ஆய்வு நூலுக்கு இப்பெயரையே இட்டு, இக்கைநூல்களின் உள்ளத்தை நமக்குத் திறந்துகாட்டினார். ஒரு மொழியைக் கற்பவன் முதலில் கற்கும் வாக்கியம் அம்மொழி பேசுவோரிடம் அவன் கொள்ள விரும்பும் உறவைச் சொல்லிவிடும். வணக்கமும் நலம் விசாரித்தலும் இல்லாத, ஏவல் வினையே தலைப்பாகிய ஒரு மொழிநூலுக்கு விளக்கம் எதற்கு?

இனித் தோட்டத்தின் அகராதிக்குள் நுழைவோம். விடியற்காலையில் தொழிலாளர் அணிவகுக்கும் இடம் பிரட்டுக்களம். படையணியின் 'பரேட்' என்ற சொல் திரிந்து பிரட்டாயிற்று. அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள் 'லயன்'. மக்கள் வாயில் அது லயம் ஆயிற்று. இசையில் இலயம் என்பது ஒன்றித்தல். தோட்டத்தில் அது பத்தடி அறைக்குள் மூன்று தலைமுறை ஒடுங்குதல். முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய இரட்டை லயங்களுக்கு இருபுறமும் முகப்பே உண்டு, பின்கதவுமில்லை, பின்சாளரமுமில்லை. மேற்பார்வைக்கு ஏற்ற கட்டடம் அது: பார்ப்பவனுக்கு எல்லாமே முகப்பு, வாழ்பவனுக்கு மறைவென்று ஓர் அடியில்லை.

இவ்வகராதியின் மிகக் கொடிய சொல் 'பேர்'. ஒருநாள் வேலை முழுமையாகப் பதியப்பட்டால் தொழிலாளிக்கு ஒரு பேர். நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அரைப் பேர். செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் பெயருக்கு நேரே இடப்பட்ட அடையாளத்திலிருந்து இவ்வழக்குப் பிறந்திருத்தல் வேண்டும். ஆனால் வழக்காற்றின் ஆழத்தை எண்ணிப் பாருங்கள்! ஒரு மனிதனின் முகத்துக்கு அடுத்தபடியாக அவனுக்கே உரியது அவன் பெயர். அப்பெயர் நாட்கூலியின் அலகாயிற்று. அலகானதும் இரண்டாக வெட்டத்தக்கதாயிற்று. மாலையில் மடுவத்தில் நிறுத்த கொழுந்து இரண்டு கிலோ குறைந்தால், காலையில் முழுப்பெயரோடு மலையேறிய பெண் அரைப்பெயரோடு லயத்துக்குத் திரும்புகின்றாள். அந்த முழுப் பேரும் ஆணின் பேருக்குச் சமமாயிருக்கவில்லை. பெருந்தோட்டங்களில் பெண்ணின் நாட்கூலி ஆணுக்குச் சமமாக்கப்பட்டது 1984இல்தான்.

கொடுக்கல் வாங்கலின் முழுக்கணக்கும் இப்போது நம் கண்முன் நிற்கின்றது. மனித முகத்துக்குரிய சொற்கள் சரக்குக்கு ஏறின. சரக்குக்குரிய அளவைகள் மனிதருக்கு இறங்கின. பொருளுக்கு உயிரும் உயிருக்குப் பொருட்டன்மையும் ஏற்றப்படுதல் முதலாளித்துவ உற்பத்தியின் இயல்பு என்று மார்க்ஸ் 1867இல் 'மூலதனம்' நூலில் சரக்கு வழிபாட்டைப்பற்றி விளக்கினார். அத்தத்துவத்துக்கு உதாரணம் தேடி மான்செஸ்டர் ஆலைகளுக்குப் போகவேண்டியதில்லை. பசறை வீதியிலுள்ள எந்தத் தேயிலைத் தொழிற்சாலையிலும் இரண்டு ஏடுகளை அருகருகே வைத்துப் படித்தால் போதும்: ஒன்று ரகக் குறிப்பேடு, மற்றொன்று செக்ரோல்.

*

பழியை முழுதும் ஆங்கிலத்தின் மேற் சுமத்திவிட்டு நாம் கைகழுவிவிடலாமா? நம் தமிழின் முகத்தையும் கண்ணாடியிற் பார்க்கவேண்டும்.

சங்கச் சான்றோர் பெண்ணின் மேனிநிறத்தை மாமை என்று போற்றினர்; மாந்தளிரின் நிறம் அது. கறுப்பு, சிவப்பு என்னும் சொற்கள் வெகுளியை உணர்த்தும் என்றும், நிறத்தை உணர்த்துதலும் அவற்றுக்கு உண்டு என்றும் தொல்காப்பிய உரியியல் கூறும். உணர்ச்சியைக் குறித்த சொற்கள் தோலிலே நிலைத்துப்போனமை ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. மாமையைப் பாடிய மொழியில் இன்று மணமகள் தேடும் விளம்பரங்கள் 'நல்ல சிவப்பு' என்று கேட்கின்றன. இம்மாற்றத்தை எந்தத் துரையும் தனியே செய்யவில்லை. நம் சாதியமைப்பும் அவனோடு கைகோத்தது.

பசலை என்றொரு சொல் உண்டு. தலைவனைப் பிரிந்த தலைவியின் மேனியில் படரும் வெளிறிய நிறம் அது. ஈராயிரம் ஆண்டுகளாகத் தமிழ்க் கவிதை பெண்ணின் முகத்து வெளிறலைக் கண்டதும் காதலை நினைத்தது. தோட்டத்துப் பெண்ணின் வெளிறலுக்கு வேறு காரணம் இருந்தது. ஈரமண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் பாதத்தோலைத் துளைத்து உடலினுட் புகும் கொக்கிப்புழு குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சியது. 1916இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் அதனை எதிர்த்து இயக்கம் தொடங்கவேண்டிய அளவுக்கு அந்நோய் பரவியிருந்தது. மலசலகூடமும் காலணியும் இருந்தால் தடுக்கக்கூடிய நோய். அவை இல்லாமையே நோயின் வேர். இன்றும் மலையகத் தாய்மாரிடையே இரத்தச்சோகை ஒரு முக்கியப் பிரச்சினை.

இங்கே 'வான்' என்ற ஆங்கிலச் சொல்லை மீண்டும் நினைவுகூர்வோம். வெளிறிய முகம் என்ற அளவுகோல் வெண்தோலை வைத்து எழுந்தது. கறுத்த மேனியில் இரத்தச்சோகை எளிதில் புலப்படாது. அனுபவமுள்ள மருத்துவர் முகத்தைப் பார்த்து முடிவுசெய்வதில்லை; கீழிமையைத் தாழ்த்தி அதன் உட்புறத்தைப் பார்க்கின்றார். கோப்பி இலையைத் திருப்பிப் பார்த்தால்தான் துரு தெரிந்தது. இமையைத் திருப்பிப் பார்த்தால்தான் பசி தெரிகின்றது. மேற்பரப்பைப் படித்து மனம்நிறையும் எழுத்துக்கு இவ்வுண்மை ஒரு பாடமாகவேண்டும்.

மேற்பரப்பு எழுத்து என்று நாம் எதைச் சொல்கின்றோம்? 'பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற' மலைகள், 'கொழுந்து கிள்ளும் கன்னியர்', 'பனிமூட்டம் தழுவும் சிகரங்கள்' என்று எல்ல, பண்டாரவளைப் பக்கம் பயணம் போய்வருவோர் எழுதும் வருணனைகளைத்தான். நிலக்காட்சியைக் குறிக்கும் 'லேண்ட்ஸ்கேப்' என்ற ஆங்கிலச் சொல், டச்சு ஓவியர்களின் தொழிற்சொல்லாகவே இங்கிலாந்துக்கு வந்தது. முதலில் அது நிலத்தைத் தீட்டிய படத்தைக் குறித்தது. பிறகே நிலத்தைக் குறித்தது. படத்தின் பெயரால் நிலத்தைப் பார்க்கப் பழகிய கண், நிலத்திலே நிற்கும் ஆளைப் படத்தின் புள்ளியாகவே காணும். கம்பளம் என்று எழுதும் பேனா, அதை நெய்தவரை மறப்பதோடு அதன் கீழ் என்ன இருக்கின்றது என்றும் கேட்பதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் அக்கம்பளம் சரிந்தது. லயங்கள் மண்ணுள் புதைந்தன. மனிதர் உயிரோடு புதைந்தனர். அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை அதற்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. மேற்பரப்பின் அழகை மட்டும் விற்றும் வாங்கியும் பழகிய ஒரு சமுதாயத்துக்கு, அடிமண்ணைப்பற்றிய சொல் காதில் ஏறவில்லை.

இன்னொரு சொல்லையும் கூறாது விடுதல் நேர்மையன்று. 'தோட்டக்காட்டான்' என்ற வசை ஆங்கிலத்திலிருந்து வந்ததன்று. கொழும்பிலும், வடக்கிலும், பதுளைக் கடைவீதியிலுமே தமிழர் வாயிலிருந்து பிறந்தது அது. துரை 'கூலி' என்று அழைத்தபோது கொதித்தவர்களுள் எத்தனைபேர் இச்சொல்லைச் சொல்லாதிருந்தனர்? முற்போக்கு எழுத்தாளரும் ஆசிரியரும் முதலில் விடையிறுக்கவேண்டிய வினா இது.

*

மலையக இலக்கியத்தை மதிப்பிடுவதற்கு இச்சொல்வரலாறு ஓர் அளவுகோலைத் தருகின்றது. கோப்பித் துரு தோன்றிய அதே 1869இல், ஆபிரகாம் ஜோசப் என்பவரின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' வெளிவந்தது. தோட்டத்தைப் பாடிய மிகப்பழைய தமிழ் அச்சுநூல்களுள் ஒன்று அது. கும்மி மக்களின் வடிவம். ஆனால் அந்நூலின் கண் கண்காணிப்பவனின் கண். புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய 'துன்பக்கேணி' இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் அழியும் தமிழ்ப் பெண்ணின் வாழ்வைத் துணிவோடு காட்டிற்று. ஆயினும் அது கடலுக்கு அப்பாலிருந்து நோக்கிய இரக்கம். சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் தோட்ட மக்களின் துயரை ஆங்கிலத்திலேயே நெடுங்கவிதையாக்கினார். 'தேயிலைப் பூங்கா' என்ற ஆங்கிலேயரின் இன்சொல்லைத் தலைப்பில் ஏந்தி, அப்பூங்காவுக்குள் புதைந்தவரைப் பாடினார். அடிமைப்படுத்தியவனின் சொல்லையே அவனுக்கெதிரான சாட்சியாக்குவது எப்படி என்பதற்கு அது ஒரு சான்று.

ஊவா மண் தந்த எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப். 1934இல் ஹாலிஎலப் பகுதித் தோட்டமொன்றில் பிறந்து, தாம் பணிபுரிந்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரைத் தம் பெயரின் முன் சூட்டிக்கொண்டு, 2022இல் மறையும்வரை எழுதியவர். பேர் என்பது கூலியின் அலகாகிவிட்ட ஒரு நிலத்தில், தோட்டத்தின் பெயரை ஓர் எழுத்தாளன் தன் முழுப்பெயராக்கிக்கொள்வது சிறிய செயலன்று. ஒற்றையறை லயத்தில் வளர்ந்த பிள்ளைகளோடு ஒரு குடும்பம் படும் இக்கட்டை அவருடைய 'மீன்கள்' கதை சொல்கின்றது. அக்கதையில் மலையின் அழகுக்கு இடமில்லை, முகவருணனைக்கும் இடமில்லை. நான்கு சுவரும் இருளும் மனித மானமும் உண்டு. வாசகன் முகத்தைக் காணாமலே மனிதனைக் காண்கின்றான். மேற்பரப்பைத் திருப்பி அடிப்புறம் காட்டும் கலை இதுவே. மலையகத்தைப்பற்றி எழுதப்படும் எந்தப் படைப்பையும் இக்கேள்விகொண்டு நாம் சோதிக்கலாம்: இலையின் பொலிவைப் பார்க்கும் கண்ணா இதிலுள்ளது? இமையின் உட்புறத்தைப் பார்க்கும் கண்ணா?

*

மொழி தானே மாறுவது. அதில் மனிதர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்று ஒரு சாரார் கூறுவர். தனியொருவர் ஆணையிட்டுச் சொல்லின் பொருளை மாற்ற இயலாது என்பது மெய்யே. ஆனால் மக்கள் ஒன்றுதிரண்டு தம் வாழ்வை மாற்ற முனையும்போது சொற்களும் உடன் திரும்புகின்றன. 1940இல் பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத்து வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் தமக்கென ஒரு குழுவைத் தெரிந்தெடுத்தனர். அக்குழுவோடு கலந்து பேச நிர்வாகம் இணங்கவேண்டியதாயிற்று. அதற்கு முன் துரையின் வாயில் தமிழ் வினைச்சொல் என்றால் ஏவல் ஒன்றே. அன்று முதன்முறையாகத் துரை கேட்கவேண்டியிருந்தது. தொழிலாளரின் இலக்கணத்தில் ஏவலோடு வினாவும் சேர்ந்தது.

'மலையகம்' என்ற சொல்லின் வெற்றி இதனினும் தெளிவான சான்று. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு இம்மக்களை 'இந்தியத் தமிழர்' என்று தனியே பிரித்தெழுதியது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அப்பெயரின் நிழலிலேயே அவர்களை நாடற்றவராக்கியது. 1960களில் படித்த இளைஞரும் ஆசிரியரும் தோட்டந்தோறும் மலையகம், மலையக மக்கள் என்ற பெயர்களைப் பரப்பினர். வந்த கரையைச் சுட்டிய பெயருக்குப் பதிலாக, உழைத்து உருவாக்கிய மண்ணைச் சுட்டிய பெயர் நிலைபெற்றது. அரசாங்க ஏடுகள் தயங்கியபோதும் மக்கள் வாய் தயங்கவில்லை. பொருள் மாற்றத்துக்குக் கீழிருந்தும் வழியுண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே ஊவாவின் பாடசாலைகளில் பணிபுரியும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆங்கிலத்தை அஞ்சவும் வேண்டாம், தொழவும் வேண்டாம், கற்பியுங்கள். ஆனால் 'ஃபேர்' என்ற சொல்லுக்கு அகராதி தரும் மூன்று பொருள்களையும் மனனம் செய்விப்பதோடு நில்லாமல், அம்மூன்றும் ஒரே கூரையின் கீழ் எப்படி வந்தன என்று கேட்கவும் மாணவரைப் பழக்குங்கள். அவர்களுடைய தாயும் பாட்டியும் பேசும் பிரட்டு, லயம், மடுவம், அரைப் பேர் ஆகிய சொற்களைக் கொச்சை என்று அடித்துத் திருத்தாதீர்கள். அவற்றைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். எந்த வேலையில் அச்சொல் வழங்கியது, யார் யாரை நோக்கிச் சொன்னது, இன்று அதன் பொருள் என்ன என்று முதியோரிடம் கேட்டுவரச் செய்யுங்கள். பல்கலைக்கழகங்கள் இதுவரை முழுமையாகத் தொகுக்காத ஓர் அகராதி அம்மாணவரின் வீடுகளிலேயே இருக்கின்றது. அதைப் பேசும் தலைமுறை முதுமையடைந்துவருகின்றது.

கறுப்பைக் குறித்த சொல் வெளிறலைக் குறிக்கலாயிற்று. முகத்தைக் குறித்த சொல் மகிழ்ச்சியைக் குறிக்கலாயிற்று. அவ்வாறாயின், அரைப் பேர் என்ற சொல்லும் ஒருநாள் வழக்கொழிந்து, அதன் பொருளை ஓர் ஆசிரியர் விளக்கவேண்டிய காலம் வரக்கூடாதா? வரும். ஆனால் அது சொல்லைத் திருத்துவதால் மட்டும் வராது. நாட்கூலியும், வீடும், காணியும் முழுமையாகக் கிடைத்த பிறகே பேரும் முழுமையாகும். சொல்லாராய்ச்சி அப்போராட்டத்துக்கு மாற்று அன்று. யாரிடமிருந்து எது பறிக்கப்பட்டது என்பதற்கான பற்றுச்சீட்டு அது. அதைப் பத்திரமாக வைத்திருப்பது கற்றவர் கடமை.